அறிவு இருக்கோ?

கொலோன்
9 மார்ச் 2025

அன்பு மகள் ஆதிரைக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைப்பாடு சொல்கிறது. உன் நாரிப்பிடிப்பு, அந்த இடுப்பு நோ, விட்டதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

"நாள் முழுக்க 112 அவசர நம்பருக்கு வாற போனை எடுத்திட்டு வீட்ட வந்தால், ஆர் அடிச்சாலும் நெஞ்சு பதறுதப்பா. கடிதம் எழுதுங்கோ" என்று நீ கேட்டதால் வந்த வினை இது. ஓ.எல். சோதனையில் தமிழுக்குச் சாதாரண சித்தி எடுத்தவனிடம் கடிதம் கேட்டால் இதுதான் கிடைக்கும். கையெழுத்து விளங்காத இடத்தில் நல்லதாக ஏதாவது எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்.

பேக்கரியில் எல்லாம் வழமைபோல. 'உருத்திரமூர்த்தி' என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் பாண் கருகிவிடும் என்று முதலாளி இன்னும் 'ரூடி' என்றுதான் கூப்பிடுகிறார். என்னோடு வேலை செய்கிற கார்த்திகன் ஒரு செய்தி வாசித்தானாம். உங்கள் பக்கத்து மாவட்டங்களில் காசில்லை, தீயணைப்பிலும் அம்புலன்சிலும் கை வைக்கப் போகிறார்கள் என்று. "அண்ணை, பிள்ளையின்ர வேலைக்கு ஒண்டும் வராதுதானே?" என்று கேட்டான். வராது என்று பெரிய மனுசன் மாதிரிச் சொல்லிவிட்டேன். எனக்கு என்ன தெரியும்? உன் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது என்பது மட்டும் தெரியும். உண்மையை எழுது.

இருவரின் அன்போடும்,
அப்பா

டிரெஸ்டன்
23 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நாரி பரவாயில்லை. அம்மாவைப் படி ஏறாமல் லிஃப்டில் போகச் சொல்லுங்கோ. உங்களுடைய கையெழுத்து இரண்டாவது வாசிப்பில் விளங்கிவிட்டது.

கார்த்திகன் மாமா வாசித்தது சரிதான். மாவட்டத்திடம் காசில்லை. ஒரு ஊரில் அம்புலன்ஸ் நிற்கும் நிலையத்தைச் சனி ஞாயிறுகளில் மூடிவிட்டார்கள். வேற்றுமொழி ஆட்கள் அழைத்தால் தொலைபேசியில் மொழிபெயர்க்க ஒரு சேவை இருந்தது, அதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் அழைப்பு நிலையத்தில் ஞாயிறு பகலில் இரண்டு கதிரை, அழைப்பு எடுக்க இரண்டு பேர், இருந்தது. இனி ஒன்று.

என்னோடு வேலை செய்யும் யென்ஸும் நானும்தான் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஒரு கதிரை குறைந்தால் டிசம்பரில் எங்களில் ஒருவர் போகவேண்டும். யென்ஸ் நல்லவன், அப்பா. அதுதான் இதில் கஷ்டம்.

ஆனால் எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. எல்லாரும் நடுங்கும்போது ஒரு குரல் நடுங்காமல் இருக்கவேண்டும், அது என் குரல். ஒரே குறை, முடிவு தெரியாது. அம்புலன்ஸ் வீட்டுக்குள் போனதும் நாங்கள் வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுக்கவேண்டும். பிறகு என்ன நடந்தது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்வதில்லை.

அம்மாவுக்கு என் அன்பு. நீங்கள் சுகர் மருந்து எடுக்க மறக்கவேண்டாம்.

ஆதிரை

கொலோன்
6 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கு,

சுகம், சுகம். மருந்தும் எடுத்தேன், அதற்குப் பரிசாக ஒரு துண்டு கேக்கும் எடுத்தேன். நீ எப்படி இருக்கிறாய்? குளிர் அங்கே விட்டுவிட்டதா?

எங்கள் பேக்கரியில் செலவைக் குறைப்பது என்றால் பாணில் எள்ளுக் குறையும். எள்ளில்லாமல் ஒருவரும் சாகமாட்டினம். கதிரையைக் குறைப்பது எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் நெஞ்சு நொந்தால் ஒருத்தி எப்படிக் கதைப்பது? உன் அம்மா ஒரே நேரத்தில் மூன்று பேரோடு கதைப்பா, ஆனால் மூன்று பேருக்கும் ஒரே பதில்.

மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் என்ன, தமிழ் ஆட்கள் யாராவது அழைத்தால் நீயே தமிழில் கதை. நான் படிப்பித்த தமிழ், எங்கேயும் பிழைக்காது.

உடம்பைக் கவனி.

அப்பா

டிரெஸ்டன்
2 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் பிந்தியதற்குக் குறை நினைக்கவேண்டாம். சுகம்தான். வேலை கூடிவிட்டது. அம்மாவின் முழங்காலுக்கு டாக்டரிடம் தெர்மினுக்கு நாள் கிடைத்ததா?

ஒரு சின்னக் கேள்வி. ஒருவர் விழுந்து பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால் "அறிவு இருக்கோ?" என்றுதானே நாங்கள் கேட்போம்? அதில் பிழை ஏதும் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். அம்மாவிடம் கேட்கவேண்டாம்.

ஆதிரை

கொலோன்
9 ஜூன் 2025

அன்பு மகளுக்கு,

அம்மாவின் முழங்காலுக்குத் தெர்மின் செப்டெம்பரில். அதுவரை வலி பொறுத்துக்கொள்ளுமாம். உன் கடிதம் ஏன் இவ்வளவு மெலிந்துபோய் வந்தது? நீயும் மெலிந்துவிட்டாயா?

கேள்விக்கு வருவோம். என்னை ஒருவர் தமிழில் சந்தேகம் கேட்பது இதுதான் முதல் தடவை, அதனால் சட்டை மாற்றிக்கொண்டு வந்து எழுதுகிறேன். சண்டையில் "உனக்கு அறிவு இருக்கோ?" என்று கேட்டால் அது ஏச்சு. விழுந்தவனைக் காட்டிக் கேட்டால் கரிசனை. மயங்கினவன் முழித்தால் "அறிவு வந்திட்டுது" என்போம். கார்த்திகன் வீட்டுக் கலியாணத்தில் நான் கழுத்துப்பட்டியை இறுக்கிக் கட்டி மயங்கி விழுந்தது நினைவிருக்கிறதா? அம்மா குழறினா, "ஐயோ, அறிவு இருக்கோ எண்டு பாருங்கோ." கார்த்திகன் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது கலியாணத்துக்கு முந்திக் கேட்டிருக்கவேண்டிய கேள்வி" என்றான். அந்தச் சிரிப்பில்தான் நான் முழித்தேன்.

ஆகவே பிழை ஒன்றும் இல்லை. பேராசிரியர் ரூடியின் தீர்ப்பு.

ஏன் கேட்டாய்?

அப்பா

கொலோன்
7 ஜூலை 2025

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்பதுதான் தெரியவில்லை. பதிலும் இல்லை. அம்மாவின் போனையும் எடுக்காமல் "வேலை, பிறகு" என்று இரண்டு சொல் அனுப்புகிறாய். அம்மா கறியில் உப்புப் போட மறக்கிறா. மறந்ததை நானும் சொல்லாமல் சாப்பிடுகிறேன். எங்கள் வீட்டு நிலைமை அப்படி.

சனிக்கிழமை நடந்ததைக் கேள். பேக்கரியில் வார இறுதிகளில் விக்னேஷ் என்று ஒரு பெடியன் வருகிறான். தமிழ்நாடு, இங்கே எஞ்சினியரிங் படிக்கிறான். கோதுமை மாப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் ஈரத்தில் வழுக்கி விழுந்து, தலை அடிபட்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். நான் ஓடிப்போய், பக்கத்தில் நின்ற கார்த்திகனைக் கேட்டேன்: "தம்பிக்கு அறிவு இருக்கோ?"

கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "அங்கிள், கால் வழுக்கிடுச்சு. அதுக்குப் போய் அறிவு இருக்கான்னு கேக்குறீங்களே."

நான் விளங்கப்படுத்தினேன். அவர்கள் ஊரில் மயக்கத்துக்கு 'நினைவு' என்றுதான் சொல்வார்களாம். 'அறிவு இருக்கா' என்றால் எந்த நேரத்தில் கேட்டாலும் அது திட்டுத்தானாம். மாவெல்லாம் தலையில் கொட்டியபடி இருந்து எனக்குப் பாடம் எடுத்தான். பேராசிரியர் தன் தீர்ப்பை வாபஸ் வாங்குகிறார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணியைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீ சும்மா கேட்கவில்லை. பிள்ளை, நீ யாரிடமாவது இதைக் கேட்டுவிட்டாயா?

அப்பா

டிரெஸ்டன்
14 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்பு சுகம். மற்றதை ஒளித்து வைத்திருந்தேன், இனி ஏலாது.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு. நான் தனியே இருந்தேன். ஒரு பெண் அழைத்தா. மாமனார் விழுந்துவிட்டார் என்று ஜெர்மனில் தொடங்கி, முகவரியையும் வடிவாகச் சொன்னா. அம்புலன்ஸை அனுப்பினேன். கிட்ட உள்ள நிலையம் ஞாயிறு பூட்டு, அதனால் அடுத்த ஊரிலிருந்து. அதற்குள் அவ "ஐயோ மாமா, மாமா" என்று அழத் தொடங்கிவிட்டா. இந்த வேலையில் முதல் தடவையாக என் மொழி என் காதில் விழுந்தது. நான் உடனே தமிழுக்கு மாறினேன்.

"அக்கா, நானும் தமிழ்தான், பயப்பிடாதேங்கோ. அவருக்கு அறிவு இருக்கோ?"

அவ பேசவில்லை. கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். வேறு இரண்டு அழைப்புகள் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தன. சத்தமாகக் கேட்டேன், "அறிவு இருக்கோ இல்லையோ? கெதியாச் சொல்லுங்கோ."

"மனுஷன் விழுந்து கிடக்காரு, அறிவு இருக்கான்னா கேக்குற? உனக்கு இருக்கா?" என்றுவிட்டு அவ போனை வைத்துவிட்டா.

திரும்ப எடுத்தேன், லைன் கிடைக்கவில்லை. மின்னிய இரண்டையும் எடுத்து முடித்துவிட்டுத் திரும்ப அடித்தேன், ஒருவரும் தூக்கவில்லை. அவரைப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கோ என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

பிறகு முறைப்பாடு வந்தது. அழைப்பு எடுத்தவள் தமிழில் அவமதித்தாள் என்று. ஒலிப்பதிவை மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். 'அவருக்குப் புத்தி இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டார்' என்று எழுதி வந்தது. மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் தெரியாது என்று நான் பொறுப்பாளர் திருமதி வெபரிடம் சண்டை பிடித்தேன். நேற்று உங்கள் கடிதத்தை பஸ்ஸில் வாசித்தேன். இறங்கவேண்டிய தரிப்பிடம் போய்விட்டது.

ஓகஸ்ட் 19ல் விசாரணை. அவவும் வருவா. இந்த முறைப்பாடு உறுதியானால் டிசம்பரில் யார் போவது என்று அவர்கள் யோசிக்கத் தேவையில்லை. எனக்கு இந்த வேலை வேணும், அப்பா. ஆனால் நான் நித்திரை இல்லாமல் கிடப்பது அதற்காக இல்லை. அந்த மனுசன் உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. முறைப்பாட்டில் அது எழுதியிருக்கவில்லை. நாங்கள் தேடிப் பார்க்கவும் கூடாது.

அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கோ. எனக்குச் சொல்லத் தைரியமில்லை.

ஆதிரை

கொலோன்
18 ஜூலை 2025

அன்பு மகளுக்கு,

சுகம் விசாரிப்பதைப் பிறகு பார்ப்போம்.

அம்மாவிடம் சொன்னேன். அழுதா. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உனக்கு ஒரு சேதி சொன்னா. அப்படியே எழுதுகிறேன்: "உள்ள போனவுடனை தன்ர நியாயத்தைச் சொல்லவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. முதல் அந்த ஐயா எப்பிடி இருக்கிறார் எண்டு கேக்கட்டும். விசாரணை பிறகு நடக்கட்டும்." எனக்கு இப்படி ஒன்று தோன்றியிருக்காது. நான் உனக்கு வக்கீல் பிடிப்பது பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். விக்னேஷ் ஜெர்மனில் ஒரு சாட்சிக் கடிதம் எழுதித் தந்தான். 'விழுந்து கிடந்த என்னைப் பற்றித் திரு. உருத்திரமூர்த்தி, அறிவு இருக்கிறதா என்று கேட்டார். நான் கோபப்பட்டேன். அவர் இலங்கைத் தமிழில் என் மயக்கத்தையே விசாரித்தார் என்று பிறகு அறிந்துகொண்டேன்.' கீழே நானும் கையொப்பம் வைத்தேன். ஒரு மூலையில் மா ஒட்டியிருக்கிறது, தட்டிவிட்டுக் கொடு. இந்த நாட்டில் நான் சொன்ன முதல் சாட்சியம், கேட்ட கேள்வி பிழை என்று.

எங்கேயும் பிழைக்காத தமிழ் என்று நான் எழுதியதை மறந்துவிடு. நான் வரட்டுமா? வேண்டாம் என்பாய். சரி. சாப்பிடு. படு.

அப்பா

டிரெஸ்டன்
22 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகம், அம்மா. உண்மையாகவே சுகம்.

திருமதி வெபரும் மாவட்ட அலுவலகத்து அதிகாரி ஒருவரும் மேசைக்கு ஒரு பக்கம். மறுபக்கம் அந்தப் பெண், மீரா. அவவுக்குப் பக்கத்தில், ஓகஸ்டிலும் தடித்த ஜாக்கெட் போட்ட ஒரு வயதானவர். அவவின் சாட்சியாக்கும் என்று நினைத்தேன். அம்மா சொன்னபடி, கதிரையில் இருக்கமுதலே தமிழில் கேட்டேன்:

"ஐயா இப்ப எப்பிடி இருக்கிறார்?"

மீரா என்னை நிமிர்ந்து பார்த்தா. பதில் பக்கத்திலிருந்து வந்தது.

"இங்கதாம்மா உக்காந்திருக்கேன்."

நான் கதிரையை இழுத்து அப்படியே இருந்துவிட்டேன். திருமதி வெபர் எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தா.

அவர் பெயர் ஜெயச்சந்திரன். திருநெல்வேலியிலிருந்து மகனிடம் வந்தவர். உங்களைப்போல சுகர்காரர், அப்பா. அன்றைக்கு இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டு, பாண் சாப்பிடமாட்டேன் என்று இட்லிக்காகக் காத்திருந்திருக்கிறார். இங்கத்தைக் குளிரில் மா பொங்கவில்லை, அடுப்பில் ஏறப் பிந்திவிட்டது. இரத்தத்தில் சீனி இறங்கி விழுந்துவிட்டார். அம்புலன்ஸ்காரர் மருந்து ஏற்றியதும் எழும்பி இருந்தாராம். மீரா சொன்னா, ஆட்கள் வரப் பிந்திவிட்டது, அந்த நேரம் முழுக்கத் தான் தனியே அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததாக.

பிறகு நான் அந்தச் சொல்லை விளங்கப்படுத்தினேன். மீரா நம்பவில்லை. விக்னேஷின் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு, மாமனாருக்குத் தமிழில் சொன்னா. அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"அறிவு இருந்தா ஊசியைப் போட்டுட்டு இட்லிக்குக் காத்திருப்பேனா? பொண்ணு சரியாத்தானே கேட்டிருக்கு."

மீரா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தா. பிறகுதான் தெரிந்தது, அழுகிறா என்று. "நான் ஃபோனை வச்சிருக்கக் கூடாது" என்றா. நான் கத்தியிருக்கக் கூடாது என்றேன்.

அப்போது திருமதி வெபர் கேட்டா, ஏன் கத்தினாய் என்று. வேறு இரண்டு அழைப்புகள் காத்திருந்தன என்றேன். அன்றைக்கு எத்தனை பேர் வேலையில் இருந்தீர்கள்? நான் மட்டும். அவவுக்குத் தெரியாத பதில் இல்லை அது. பக்கத்தில் இருந்த அதிகாரிக்குக் கேட்கவேண்டும் என்றுதான் கேட்டா. அவர் எழுதுவதை நிற்பாட்டிவிட்டார்.

மீரா முறைப்பாட்டை வாபஸ் வாங்கிவிட்டா. வாங்கிய கையோடு, அதே மேசையில் இன்னொன்று எழுதிக் கொடுத்தா. இந்தத் தடவை என்மேல் இல்லை. வெறுமையாக இருந்த கதிரைமேல், பூட்டிக் கிடந்த நிலையத்தின்மேல்.

வேலை என்னவாகும் என்று இன்னும் தெரியாது, மாவட்டசபை கூடித்தான் முடிவெடுக்கும். ஆனால் அந்த மனுசன் இருக்கிறார், அம்மா. வெளியே போகும்போது வெயிலிலும் ஜாக்கெட்டின் பட்டனை மேல்வரை பூட்டிக்கொண்டு போனார்.

ஆதிரை

கொலோன்
30 ஓகஸ்ட் 2025

அன்பு மகளுக்கு,

உன் சுகம் இந்தத் தடவை கடிதத்தின் பாரத்திலேயே தெரிந்தது. எங்கள் சுகமும் அப்படியே. அம்மா கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டா. நானும் இரண்டு தரம் சாப்பிட்டேன்.

நீ இனித் தமிழில் என்ன கேட்பது என்று பேக்கரியில் மாநாடு நடந்தது. 'நினைவு இருக்கா' என்று விக்னேஷ். அது பழைய காதலி கேட்கிற கேள்வி மாதிரி இருக்கிறது என்று கார்த்திகன். பாண் ஒரு தட்டு கருகிப்போய், முதலாளி வந்து கூட்டத்தைக் கலைத்தார். அதற்கு முன் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம்: 'கூப்பிட்டால் கண் திறக்கிறாரா?' இதில் ஒருவருக்கும் கோபம் வராது. தூத்துக்குடிக்கும் பருத்தித்துறைக்கும் பொது.

மாவட்டசபை எப்போது கூடுகிறது? நான் இங்கே அமைதியாக இருக்கிறேன் என்று அம்மா சொன்னால் நம்பாதே.

அப்பா

டிரெஸ்டன்
19 ஒக்ரோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகம். அம்மாவுக்கு முழங்காலில் ஊசி போட்ட பிறகு எப்படி? நடக்க ஏலுமா?

சபை கூடியது. மீராவின் கடிதத்தையும் அன்றைய ஒலிப்பதிவின் நேரக் குறிப்பையும் திருமதி வெபர் கொண்டுபோனா. ஞாயிற்றுக்கு இரண்டாவது கதிரையைத் திரும்பத் தந்துவிட்டார்கள். எனக்கும் யென்ஸுக்கும் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு நீண்டிருக்கிறது. நிலையம் சனி ஞாயிறில் இன்னும் பூட்டுத்தான். அடுத்த வருடம் யோசிப்பார்களாம். மொழிபெயர்ப்புச் சேவை இல்லை, அதற்கு நான் இருக்கிறேனாம். எல்லாம் கிடைக்கவில்லை, அப்பா. ஆனால் கிடைத்தது பெரிசு.

போன ஞாயிறு யென்ஸ் பக்கத்தில் இருந்தான். நான் ஒரு மூதாட்டியோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு அழைப்பு மின்னியது. என் கை தன்பாட்டில் நீண்டது. அதற்குள் சிவப்பு அணைந்துவிட்டது. யென்ஸ் எடுத்துவிட்டான். நான் அந்த அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். "லைனில இருக்கிறியா பிள்ளை?" என்று மூதாட்டி கேட்டா. இருக்கிறேன் என்றேன்.

ஆதிரை

கொலோன்
3 நவம்பர் 2025

அன்பு மகளுக்கு,

ஊசி வேலை செய்கிறது. அம்மா படியில் என்னை முந்திப் போகிறா, போய் மேலே நின்று என்னைப் பரிகாசம் பண்ணுகிறா. உனக்குத் தடிமன், இருமல் ஏதும் இல்லையே? யென்ஸுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். பிறகு தானும் ஒரு தரம் வாசித்தா. மடித்து வைத்துவிட்டுக் கறியை இறக்கப் போனா. உப்பு அளவாக இருந்தது.

நேற்று ஞாயிறு. நீ வேலையில் இருப்பாய் என்று தெரியும். யென்ஸும் இருப்பான் என்றும் தெரியும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பல நாளைக்குப் பிறகு, இரண்டு பேரும் சும்மா சாய்ந்தோம். கண்ணைத் திறந்தபோது வெளியே இருட்டுப் பட்டுவிட்டது. அம்மா இன்னும் குறட்டை விட்டுக்கொண்டு நித்திரை. நான் எழுப்பவில்லை.

அன்புடன்,
அப்பா